தடை

வவுனியா இரும்புக் கடையில் கிலோ எண்பது ரூபாய்.
பதினொரு கிலோ.
கண்ணாடியின் நிறையைக் கழிக்கத் தராசுக்காரன் சம்மதிக்கவில்லை.
முத்தையன்கட்டுக்கு வரும் பஸ்ஸில்
அதற்கும் ஒரு சீற், ஒரு ரிக்கற்.

வால்வு றேடியோவை எடுத்தவுடன் கரண்டில் மாட்டக்கூடாது.
முப்பது வருசம் காய்ந்த வயிற்றில்
ஒரேயடியாய்ச் சோற்றைக் கொட்டுவதுபோல அது.
இடையில் ஒரு குண்டு பல்ப் வேண்டும், நூறு வாட்ஸ்,
இழை உள்ளது.
ஒட்டுசுட்டானில் ஐந்து கடை ஏறி இறங்கினேன்.
எல்.ஈ.டி. இருக்கு தங்கச்சி, எல்.ஈ.டி. எடுங்கோ.

மச்சாள் புஸ்பகாந்தியின் குஞ்சுக் கூட்டில்
ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அறுபது குஞ்சு.
ஒரு மணித்தியாலம் என்றேன்.
அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள்.

முதல் தரம் பல்ப் பளீரென்றது. உள்ளே எங்கோ ஷோட்.
மின்திருத்தி வால்வைக் கழற்ற, இழை சாம்பலடியில் தணல்போல் மங்கியது.
அப்ப பிழை அதற்கு அங்காலே.
வீங்கி வழிந்த கண்டென்சர் இரண்டை வெட்டி எறிந்து
புதிசு போட்டேன். திரும்பவும் வால்வு.
பல்ப் ஒருக்கா விழித்துப் பார்த்துக்
கண்ணைச் சுருக்கியது.
நல்லது.

இனி வாயிலிருந்து காதுக்குப் போகவேண்டும்,
ஸ்பீக்கரில் தொடங்கி ஏரியல் வரை, பின்பக்கமாய்.
உள்ளே இருநூற்றைம்பது வோல்ட்.
ஒரு கை பொக்கற்றுக்குள் இருக்கவேண்டும் என்பது விதி.
விதி எழுதினவன் காற்சட்டை போட்டவன்.
நான் இடக்கையால் என் பின்னலைப் பிடித்துக்கொண்டு
திருப்புளி நுனியால் கிறிட்டைத் தொட்டேன்.
ங்ஙொம் என்றது.
அடுத்ததைத் தொட்டேன். அதைவிடப் பெரிசாய்.

அங்கேதான் கண்டேன்.
தடை இருக்கவேண்டிய இடத்தில்
கொப்பி மட்டையில் வெட்டின ஒரு துண்டு.
அதன்மேல் பென்சிலால் கீறின தடித்த கோடு.
இரு முனையிலும் சிகரெட் ஈயத்தாள், கம்பிச் சுற்று,
மேலே தேன்மெழுகு.
ஓரத்தில் பொடி எழுத்து:
தற்காலிகம். க.சீ. ஐப்பசி 92.

தடைக் காலத்தில் கீறின தடை.
பற்றறி வரவில்லை, சவுக்காரம் வரவில்லை,
ஏதோ ஒரு பிள்ளையின் பென்சில் மிச்சமிருந்திருக்கிறது.
மீற்றரை வைத்தேன். நாலு லட்சத்து எண்பதாயிரம் ஓம்.
வரைபடம் கேட்பது நாலு லட்சத்து எழுபதாயிரம்.
எத்தனை தரம் கீறி, எத்தனை தரம் அழித்திருப்பான்,
அல்லது அழித்திருப்பாள்.
மீற்றர் இருந்ததோ, காதாலேயே அளந்ததோ.

எண்டாலும் பழியை அதன்மேல்தான் போட்டேன்.
கழற்றி, ஐந்து ரூபாய்த் தடை ஒன்றைப் பற்றவைத்தேன்.
ஒரு ஸ்டேசனும் இல்லை. வெறும் இரைச்சல்.
புஸ்பகாந்தி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.
ஒன்றும் கேட்கவில்லை.

பிழை கடைசி இடத்தில் இருந்தது:
ஸ்டேசன் பிடிக்கும் தகடுகளுக்கிடையே
குளவி கட்டின மண்.
ஒரு கோழி இறகு, கொஞ்சம் ஸ்பிரிட்.
தகடுகள் ஒன்றையொன்று தொடாமல் திரும்பின.
குமிழைத் திருக, கடலுக்கு அங்கால் யாரோ
மீன்பிடிகாரருக்குக் காற்று வாசித்தார்கள்.

பழைய தடையைத் திருப்பி வைத்தேன்.
மாரிக்கு மட்டை ஈரம் குடிக்கும், கோடு மாறும், தெரியும்.
எங்கள் கூரைத் தகரமும் தற்காலிகமாய் வந்ததுதான்.
க.சீ.க்குக் கீழே என் பென்சிலால் எழுதினேன்:
பார்த்தேன். சரி.

பல்ப்பைக் கொண்டுபோய்க் கூட்டில் மாட்டினால் எரியவில்லை.
நடந்த ஆட்டத்தில் இழை அறுந்திருந்தது.
மச்சாள் பார்த்த பார்வையை எழுதமாட்டேன்.

ஐந்து வால்வு, எப்படியும் நாற்பது வாட்ஸ் சூடு.
றேடியோவைத் தூக்கிவந்து
முதுகைக் கூட்டுப் பக்கம் திருப்பி வைத்தோம்.
குஞ்சுகள் ஒவ்வொன்றாய் வந்து கம்பி வலையோடு ஒட்டின.
வடகீழ்க் காற்று, மணிக்கு முப்பது கிலோமீற்றர்,
கடல் கொந்தளிப்பாய் இருக்கும்.

சத்தத்தைக் குறை என்றாள் புஸ்பகாந்தி,
அதுகள் நித்திரை கொள்ளட்டும்.